பசைக்கோடு (மரவேலை)

பசைக்கோடு என்பது, இரு மரத்துண்டுகளைப் பசையால் ஒட்டும்போது அவற்றின் இணைப்பில் கண்ணுக்குத் தெரியும் கோடு ஆகும். மேசைப் பலகை, இசைக்கருவி போன்றவற்றில் இக்கோடு தோற்றத்தைக் கெடுப்பதால், மரத்தின் நிறத்துக்கு ஏற்ற பசையைத் தேர்ந்தெடுத்தோ பசைக்கு நிறமூட்டியோ அது மறைக்கப்படுகின்றது.

கோடு தெரிவதற்கான காரணங்கள்

முதன்மையான காரணம் இடைவெளியே ஆகும். விளிம்புகளை இழைப்புளியால் நேராக இழைத்து, கிளாம்பு கொண்டு சீராக இறுக்கினால் பசைப்படலம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்துவிடும். அந்நிலையில் பசையின் நிறம் பெரும்பாலும் புலப்படாது.

மற்றொரு காரணம் பசை படிந்த இடத்தில் சாயம் ஏறாமை ஆகும். வழிந்த பசை மரத்துளைகளை அடைத்துவிடுவதால், சாயம் பூசிய பின் அவ்விடம் வெளிறித் தெரியும். ஆகவே பசைக்கு நிறமூட்டினாலும் வழிந்த பசையை நீக்குவது இன்றியமையாதது.

பசையைத் தேர்ந்தெடுத்தல்

* பாலிவினைல் அசிட்டேட்: வெள்ளை நிறப் பசை. இந்தியாவில் பெவிக்கால் என்ற வணிகப் பெயரால் பரவலாக அறியப்படுகின்றது. உலர்ந்தபின் ஓரளவு ஒளிபுகும் தன்மை பெறும். வெளிர்நிற மரங்களுக்கு ஏற்றது. ஈட்டி, கருங்காலி போன்ற கருநிற மரங்களில் வெளிறிய கோடாகத் தெரியக்கூடும். இடைவெளியை நிரப்ப உதவாது.
* விலங்குப் பசை: தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து பெறப்படுவது. மெல்லிய கோடே எஞ்சும். வெப்பத்தாலும் ஈரத்தாலும் பிரிக்க இயலும் என்பதால் வயலின் செய்வோர் இதனை விரும்புகின்றனர்.
* எப்பாக்சி: இடைவெளியை நிரப்பும், நிறமியை எளிதில் ஏற்கும். வெயிலில் மஞ்சளாக மாறும்.
* ரிசார்சினால் பார்மால்டிஹைடு: நீரைத் தாங்கும் வலிமையான பசை. கருஞ்சிவப்புக் கோட்டை விட்டுச் செல்லும்.

நிறமூட்டல்

நீர் சார்ந்த பசைகளுடன் நீரில் கரையும் சாயமோ நீரில் கலந்த நிறமியோ சேர்க்கப்படுகின்றது. எப்பாக்சியில் நீர் சேரக்கூடாது. எனவே இரும்பு ஆக்சைடு, கரித்தூள் போன்ற உலர்ந்த நிறமிகளே ஏற்றவை. நிறமியை முதலில் பிசினில் கலந்து, பின்னரே கடினமாக்கியைச் சேர்ப்பது வழக்கம். நிறமி மிகுந்தால் பிணைப்பு வலுவிழக்கும். ஆகையால் தேவையான நிறத்தைத் தரும் மிகக் குறைந்த அளவே சேர்க்கப்படுகின்றது.

அதே மரத்தின் தூளைக் கலப்பதும் உண்டு. பசையில் நனைந்த தூள் கருத்துவிடுவதால், கலவை மரத்தைவிட அடர்ந்த நிறத்தில் அமையும். இதனால் கழிவுத்துண்டு ஒன்றில் ஒட்டி, உலர்த்தி, வார்னிஷ் பூசிப் பார்த்த பின்பே நிறம் முடிவு செய்யப்படுகின்றது.

காலப்போக்கில் நிறமாற்றம்

மரத்தின் நிறம் நிலையானதன்று. புதிதாக அறுத்த தேக்கு ஒளிபட்டுப் பொன்பழுப்பாகின்றது. செர்ரி மரம் கருக்கின்றது. வால்நட் மரம் மெல்ல வெளிறுகின்றது. இன்று பொருந்தும் நிறம் சில ஆண்டுகளில் பொருந்தாமல் போகலாம். ஐயம் உள்ளபோது சற்று அடர்ந்த நிறமே தேர்ந்தெடுக்கப்படுகின்றது; கருங்கோடு மரத்தின் இயல்பான வரியைப் போலத் தோன்றும், வெளிர்கோடு அவ்வாறு தோன்றாது.

வலிமையும் தோற்றமும்

படகு போன்று உயிர்ப் பாதுகாப்பு சார்ந்த இணைப்புகளில் தோற்றத்துக்காகப் பசையை மாற்றுவது ஏற்கத்தக்கதன்று. அங்கு ரிசார்சினாலின் கருங்கோடு குறையாகக் கருதப்படுவதில்லை. உடைந்தால் ஆபத்து விளையாத அலங்கார வேலைகளிலேயே நிறத்துக்கு முதலிடம் தரலாம்.