குளிரும் குட்டிகளும்

மார்கழி விடியலில் நாய்க்குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து உறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் எளிய கணக்குதான். பொருள் சிறிதாகச் சிறிதாக, எடையோடு ஒப்பிடும்போது அதன் புறப்பரப்பு கூடுகிறது. 3 கிலோ குழந்தையையும் 60 கிலோ மனிதரையும் ஒரே வடிவமாகக் கொண்டால், கிலோ ஒன்றுக்குக் குழந்தையின் பரப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு. வெப்பம் வெளியேறும் வாசலும் அவ்வளவு அகலம்! போதாக்குறைக்கு, பச்சிளங் குழந்தைக்குப் பெரியவர்களைப்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் வராது. பின் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

விடை 1551-லேயே கண்ணில் பட்டுவிட்டது. ஸூரிச் நகரத்துக் கான்ராட் கெஸ்னர், மார்மட் என்னும் மலைவிலங்கின் தோள்களுக்கிடையே கொழுப்பும் அல்லாத, தசையும் அல்லாத ஒரு பொருளைக் கண்டு எழுதிவைத்தார். பிற்காலத்தார் அதைக் குளிர்கால உறக்கத்துக்கான சுரப்பி என்று கருதினர். அதன் வேலை மட்டும் நானூறு ஆண்டுகள் விளங்கவில்லை.

இதற்கிடையே 1958-இல் அமெரிக்க மருத்துவர் சில்வர்மன், குறைமாதக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவின் இன்குபேட்டர்களை 28.9 டிகிரி செல்சியஸிலும் மற்றதை 31.7 டிகிரியிலும் வைத்தார். வேறுபாடு மூன்று டிகிரிகூட இல்லை. ஆனால் வெப்பம் கூடிய பிரிவில் நூற்றுக்குச் சுமார் 15 குழந்தைகள் அதிகம் பிழைத்தன. குளிர் என்பது வெறும் அசௌகரியம் அன்று என்பது அப்போது எண்களாகவே தெரிந்தது.

1964-இல் ஆக்ஸ்ஃபோர்டில் டாக்கின்ஸ், ஹல் என்னும் இருவர் பிறந்த முயல்குட்டிகளைக் குளிரில் வைத்து அளந்தனர். கெஸ்னர் கண்ட அதே பழுப்புக் கொழுப்பு, உடலின் மற்றப் பகுதிகளைவிடச் சூடாக இருந்தது. அதுவே குட்டியின் அடுப்பு!

அடுப்பு எரியும் விதம் இயற்பியல் மாணவருக்குப் பிடிக்கும். உயிரணுவிலுள்ள மைட்டோகாண்ட்ரியா, உணவின் ஆற்றலால் புரோட்டான்களை ஒரு சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அவை திரும்பி உள்ளே பாயும்போது ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு உருவாகிறது. பழுப்புக் கொழுப்பிலோ, ஒரு புரதம் அவற்றுக்குக் குறுக்குவழி திறந்துவிடுகிறது. மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தால் கம்பி சுடுகிறதல்லவா? அதே கதைதான். வேலை நடப்பதில்லை, ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது.

வளர்ந்தபின் மனிதரிடம் இது மறைந்துவிடும் என்றே பலரும் நம்பினர். பெரியவர்களின் கழுத்துப் பகுதியிலும் அது இயங்குவதை 2009-இல் வெளியான ஆய்வுகள் உறுதிசெய்தன. ஆனால் வயது ஏற ஏற அது குறைகிறது. முதுமையில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி வெப்பத்தைக் காப்பதும் தளர்கிறது. குளிரை உணரும் திறனே மந்தமாகிறது. ஆகவே, "எனக்குக் குளிரவில்லை" என்று பாட்டி சொன்னாலும், போர்வையை எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.