விருப்பப் பட்டியலின் சுமை: ஒற்றைச்சாளரக் கலந்தாய்வும் அரசுப் பள்ளி மாணவரும்

பொறியியல் சேர்க்கையில் சமூகநீதியைத் தமிழ்நாடு படிப்படியாகக் கட்டியெழுப்பியது. 1990-களில் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வந்தது. 2007-08 கல்வியாண்டில் நுழைவுத் தேர்வு நீங்கியது. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021-இல் பொறியியலுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் யாருடைய பணத்தையும் சிபாரிசையும் பார்ப்பதில்லை. இவ்வளவுக்குப் பிறகும், ஒரே கட்-ஆஃப் பெற்று, ஒரே இனத்தில் வரும் இருவர் தரத்தில் வெகுவாக வேறுபட்ட இரு கல்லூரிகளுக்குப் போய்ச் சேர முடிகிறது. ஏற்றத்தாழ்வு மதிப்பெண்ணிலிருந்து விருப்பப் பட்டியலுக்கு இடம் மாறியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2017 வரை கலந்தாய்வு நேரில் நடந்தது. குடும்பத்தோடு அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்த மாணவர், அந்த நேரத்தில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு காலியாக இருக்கிறது என்பதைத் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அலைச்சலும் செலவும் மிகுதிதான். ஆனால் மீதமிருப்பதில் ஒன்றைச் சொன்னால் போதும். இணையவழிக் கலந்தாய்வு பயணத்தை ஒழித்தது; அதற்கு ஈடாக வேறொரு பாரத்தை ஏற்றியது. எது காலியாக இருக்கும் என்று தெரியாத நிலையில், நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் பிரிவுகளிலிருந்து சில நாள்களுக்குள் முன்பின் வரிசை அமைத்துத் தர வேண்டும். மதுரைத் தியாகராசர், கோவை பூ.சா.கோ., கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவை அரசு உதவி பெறுபவை. ஆனால் அவற்றுக்குள்ளேயே சில பிரிவுகள் சுயநிதிப் பிரிவுகள், கட்டணமும் வேறு. தன்னாட்சி, இணைப்பு, தேசியத் தரச் சான்று என்று பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. அண்ணனோ அக்காவோ பொறியியல் படித்த வீட்டில் இவை சாப்பாட்டு நேரப் பேச்சு. முதல் தலைமுறை மாணவருக்கோ பிரவுசிங் சென்டர்க்காரர் சொல்வதுதான் பல சமயங்களில் கடைசி வார்த்தை.

பட்டியலில் நேரும் தவறுகளில் கொடியது அச்சத்தால் நேர்வது. கணினி தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவரின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் படிக்கிறது. அவருடைய முறை வரும்போது அவருக்குரிய ஒதுக்கீட்டில் எது முதலில் காலியாகத் தென்படுகிறதோ அதைத் தருகிறது. கல்லூரிச் சேர்க்கை பற்றி ஆய்வாளர்கள் கேலும் ஷேப்லியும் 1962-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலிருந்து வளர்ந்த ஆய்வுகள், இத்தகைய முறையில் உண்மையான விருப்ப வரிசையை அப்படியே எழுதுவதைவிட நல்ல உத்தி இல்லை என்று காட்டியுள்ளன. எட்டாத கல்லூரியை முதலில் எழுதுவதால் அடுத்த இடத்துக்கான வாய்ப்பு அணுவளவும் குறையாது. ‘நமக்கெல்லாம் அங்கே எங்கே கிடைக்கப் போகிறது’ என்று எளிதாகக் கிடைக்கும் கல்லூரியை மேலே வைப்பவருக்கு அதுவே கிடைத்துவிடும். பிறகு, பட்டியலில் மேலே எழுதிய இடம் காலியானால் அதற்கு மாறும் ‘மேல்நோக்கிய நகர்வு’க்குக் காத்திருந்தாலும், அவர் கீழே எழுதிய நல்ல கல்லூரி அவருக்குத் திரும்ப வராது. கல்லூரிகளின் முந்தைய ஆண்டு கட்-ஆஃபை நுழைவு விலையாக எண்ணி, தன் மதிப்பெண்ணுக்கு மேலுள்ள கல்லூரிகளையெல்லாம் அடித்துவிடுவதும் இதே அச்சத்தின் வேலை. அந்த எண் சென்ற ஆண்டு மாணவர்களின் விருப்பங்கள் விட்டுச் சென்ற விளைவு. ஒவ்வோர் ஆண்டும் மாறும்.

இதற்குத் தகவல் தந்தால் போதாதா? அமெரிக்க அனுபவம் இங்கே பயன்படும். நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களுக்குக் கல்லூரி விவரங்களை அஞ்சலில் அனுப்பினாலே நல்ல கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது கூடுகிறது என்று ஆய்வாளர்கள் ஹாக்ஸ்பியும் டர்னரும் 2013-இல் காட்டியபோது பெரும் நம்பிக்கை பிறந்தது. அதைப் பெரிய அளவில் செய்துபார்த்தபோது பலன் தென்படவில்லை. ஓஹையோவிலும் வட கரோலைனாவிலும் பெட்டிங்கர் குழுவினர் நடத்தி 2012-இல் வெளியிட்ட சோதனை இன்னும் தெளிவானது. வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வந்த குடும்பங்களில் சிலருக்கு உதவித்தொகைப் படிவத்தை அங்கேயே உட்கார வைத்து நிரப்பித் தந்தார்கள். வேறு சிலருக்குத் தகவல் மட்டும் தந்தார்கள். உதவி பெற்ற குடும்பத்துப் பிள்ளைகள் கல்லூரியில் சேர்வது சுமார் 8 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தது. தகவல் மட்டும் பெற்றவர்களிடம் மாற்றமே இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015-இல் தொடங்கிய முயற்சியில், தகுதியுள்ள ஏழை மாணவர்களுக்கு நான்காண்டுக் கல்விக் கட்டணம் இல்லை என்று முன்கூட்டியே பெயரிட்டுக் கடிதம் போனது. அவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சலுகை எப்படியும் கிடைத்திருக்கும். ஆனாலும் விண்ணப்பித்தோர் 26-இலிருந்து 68 விழுக்காடாகவும், சேர்ந்தோர் 12-இலிருந்து 27 ஆகவும் உயர்ந்தார்கள். ஏழை வீட்டில் ‘கிடைக்கலாம்’ என்பதற்கும் ‘கிடைக்கும்’ என்பதற்கும் இடைவெளி அவ்வளவு பெரியது.

தமிழ்நாட்டில் இந்த இடைவெளியில்தான் சில தனியார் கல்லூரிகளின் ஆட்கள் ஊர் ஊராக கேன்வாஸ் செய்கிறார்கள். தேர்வு முடிவு வருமுன்பே ‘சீட் உறுதி, பேருந்து வசதி உண்டு’ என்று சொல்லிச் சான்றிதழ்களை வாங்கிக்கொள்வதும் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் 7.5 விழுக்காட்டுச் சலுகை இல்லை, முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் இல்லை என்பதை அப்போது யாரும் சொல்வதில்லை. இலவசமாகக் கிடைக்க இருந்த படிப்புக்குக் குடும்பம் கடன்படுகிறது.

2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளும் மதிக்கத்தக்கவை. ஆனால் அரங்கில் பலருக்கு ஒருசேரப் பேசுவது தகவல் தருவதோடு நின்றுவிடும். நெருக்கடி வருவது அதற்குப் பின், மே மாதம் தொடங்கி. மாற்றுச் சான்றிதழ் கையில் வந்ததும் பள்ளியின் பொறுப்பு முடிந்ததாகக் கருதப்படுகிறது. சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, கைப்பேசிக் கடவெண், பட்டியல், ஒப்புதல் என அடுத்தடுத்து வரும் கெடுக்களை மாணவர் தனியாக எதிர்கொள்கிறார். பிளஸ் டூ ஆசிரியரின் பணி மாணவர் கல்லூரியில் சேரும் நாள்வரை நீள வேண்டும். அதற்கு ஊதியமும் பயிற்சியும் தர வேண்டும். இருபது மாணவருக்கு ஒருவர் போதும். அதே பள்ளியில் படித்து இப்போது பொறியியல் படிக்கும் பிள்ளைகளை அவருக்குத் துணையாக்கலாம். பிளஸ் ஒன் படிக்கும்போதே, ‘கலந்தாய்வில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் இடம் பெற்றால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசுடையது’ என்று மாணவரின் பெயரிட்ட கடிதம் வீட்டுக்குப் போகட்டும்.

இந்த வாதத்தைச் சோதிக்கத் தேவையான தரவு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திடமே இருக்கிறது. மாணவர் பெயரை நீக்கிவிட்டு, பள்ளி வகைவாரியாக ஒவ்வொரு பட்டியலிலும் எத்தனை விருப்பங்கள் இருந்தன, அதே தரவரிசையில் அதே இனத்தவர் பெற்ற சிறந்த இடத்துக்கும் அந்த மாணவருக்குக் கிடைத்ததற்கும் எவ்வளவு தொலைவு, அந்தச் சிறந்த இடத்தை அவர் பட்டியலில் எழுதியே இருந்தாரா என்னும் மூன்று விவரங்களை இயக்ககம் ஆண்டுதோறும் வெளியிட்டால், எந்த மாவட்டத்தில், எந்தப் பள்ளிக்கு முதலில் ஆள் அனுப்ப வேண்டும் என்பது அடுத்த மே மாதத்துக்குள் தெரிந்துவிடும்.