டர்போ மாட்டலாமா? மேல்பட்டாம்பாக்கம் தம்பிக்குச் சொன்ன பழைய கதை

போன வாரம் நைட் டூட்டி. மேல்பட்டாம்பாக்கத்துல இருந்து ஒரு தம்பி வந்தான். முன்கை முழுக்கக் கொப்புளம். கொதிச்சுக்கிட்டிருந்த ரேடியேட்டர் மூடியைத் திறந்திருக்கான்.

டிரெஸ்ஸிங் போடும்போதே கேக்குறான்: "சார், என் 1.2 பெட்ரோல் வண்டிக்கு டர்போ மாட்டித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். மாட்டலாமா?" ரேடியேட்டரே தாங்கல, இதுல டர்போ! (எனக்குக் கார் பைத்தியம்னு யாரோ சிஸ்டர் போட்டுக் கொடுத்திருக்காங்க.) அன்னைக்கு அரைகுறையா சொன்னதை இங்க முழுசா எழுதுறேன். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

முதல்ல டர்போன்னா என்ன? சாதாரண இன்ஜின் நம்மள மாதிரி, காத்தைத் தானா உள்ளிழுக்குது. டர்போ வென்டிலேட்டர் மாதிரி, காத்தை அழுத்தி உள்ளே தள்ளுது. காத்து அதிகமானா பெட்ரோலையும் அதிகமா எரிக்கலாம், பவர் கூடும். ஆனா வென்டிலேட்டர்ல அழுத்தம் எல்லை மீறினா நுரையீரல் கிழியும். இன்ஜின்லயும் அதே கதைதான்.

இதை யோசிச்சவர் ஸ்விட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃபிரட் பூஹி. புகைக்குழாய் வழியா வீணாப் போற சூட்டை வைச்சே ஒரு விசிறியைச் சுத்தலாமேன்னு 1905-ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். அதுக்கப்புறம் 1918-ல அமெரிக்காவுல சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி விமான இன்ஜினை 14,000 அடி உயர பைக்ஸ் பீக் மலை மேல ஏத்தி டர்போவோட ஓட்டிக் காட்டினார். காத்து மெலிசா இருக்கிற இடத்துலயும் இன்ஜினுக்கு மூச்சு வாங்கல.

கப்பலுக்கும் விமானத்துக்கும் சரி. காருக்கு?

1962-ல ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி 'ஜெட்ஃபயர்'னு ஒரு கார் விட்டாங்க. தம்பிக்கு நான் முக்கியமா சொன்னது இந்தக் கதையைத்தான். இருந்த 3.5 லிட்டர் வி8 இன்ஜின்லயே டர்போ. கம்ப்ரஷன் 10.25-க்கு 1. டர்போ இன்ஜினுக்கு அந்தக் காலத்துல அது ரொம்ப அதிகம். அழுத்தின காத்து சூடாகும். அந்தச் சூட்டுல பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்துல தானாவே வெடிக்கும். அதுதான் 'நாக்கிங்'. பிஸ்டனையே ஓட்டை போட்டுடும்.

அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச மருந்து, தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவம். தனி டேங்க்ல ஊத்தணும். அது உள்ளே தெளிச்சுக் காத்தைக் குளிர வைக்கும். வாங்கினவங்க பல பேர் டேங்கை நிரப்பவே இல்ல. சுகர் மாத்திரையைப் பாதியில நிறுத்திட்டு "காலு ஏன் டாக்டர் எரியுது"ன்னு கேக்குறவங்களை தினமும் பாக்குற எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல. திரவம் தீர்ந்தா பவர் குறையும், புகார் வரும். கடைசியில 1965-ல கம்பெனியே டர்போவைக் கழட்டி, சாதாரண கார்புரேட்டர் மாட்டித் தர முன்வந்தாங்க.

சரியான வைத்தியம் ஸ்வீடன்ல இருந்து வந்துச்சு. 1980-கள் ஆரம்பத்துல சாப் கம்பெனி இன்ஜின் பிளாக்குல ஒரு சென்சாரை ஒட்ட வைச்சாங்க. நாக்கிங் அதிர்வைக் கேக்குற ஸ்டெதாஸ்கோப்னு வைச்சுக்கோங்க. சத்தம் கேட்ட உடனே டர்போ அழுத்தத்தைக் கம்ப்யூட்டர் குறைச்சுடும். டிரைவரை நம்ப வேண்டிய அவசியமே போச்சு.

இப்ப தம்பியோட வண்டிக்கு வருவோம். டர்போ வெறும் இரும்பு. அதை ஆளப்போற மூளை எதுன்னுதான் கேக்கணும். ஒரிஜினல் ஈசியூவை மாத்தி எழுதலாம். ஆனா டர்போ இல்லாத வண்டியோட பிரஷர் சென்சார் வெளிக்காத்து அழுத்தம் வரைக்கும் அளக்கத்தான் செஞ்சது. 105 ஃபாரன்ஹீட்டுக்கு மேல கோடே இல்லாத தெர்மாமீட்டர் மாதிரி. அந்த சென்சாரையும் மாத்தணும். 'பிக்கிபேக்'னு ஒரு பெட்டி இருக்கு, சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவுல உக்காந்து கணக்கைத் திருத்தும். லேப் ரிப்போர்ட்டைத் திருத்தி டாக்டர்கிட்ட காட்டுற வேலை, எனக்குப் பிடிக்காது. முழு தனி ஈசியூதான் நேர்மையான வழி. 2001-லயே பௌலிங், கிரிப்போன்னு ரெண்டு பேர் 'மெகாஸ்கர்ட்'னு வீட்லயே சோல்டர் பண்ணிக்கிற மாதிரி ஒண்ணு கொண்டு வந்தாங்க. ஆனா டைனோல வைச்சு, வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரைப் பாத்துப் பாத்து ட்யூன் பண்ணத் தெரிஞ்ச ஆள் வேணும். சாதாரணமா பெட்ரோல் 1 பங்குக்குக் காத்து 14.7 பங்கு. டர்போ முழு அழுத்தத்துல 12-க்குப் பக்கத்துல இறக்கணும். பெட்ரோல் பத்தலன்னா சூடு ஏறி பிஸ்டன் உருகும்.

நம்ம ஊர்லயே ஒழுங்காச் செஞ்ச உதாரணம் உண்டு. கோயம்புத்தூர் ஜெயெம் நிறுவனமும் டாடாவும் சேர்ந்து 2018-ல டியாகோ ஜேடிபி விட்டாங்க. 85 குதிரைத்திறன் பெட்ரோல் டியாகோ, 1.2 டர்போவோட 114 ஆச்சு. இன்ஜினோட நிக்கல. சஸ்பென்ஷனைத் தாழ்த்தி, டயரை அகலமாக்கி, கியர் விகிதத்தையும் மாத்தினாங்க. அந்தக் கூட்டு 2020-ல முடிஞ்சு போச்சு, எனக்கு இன்னும் வருத்தம்.

அவங்க செஞ்சது கம்பெனி வண்டி, அனுமதியோட. நீங்க வீட்டு வண்டியை மாத்தினா மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். இன்சூரன்ஸ்காரங்க ஆர்.சி.யைப் பாத்துட்டுக் கையை விரிக்கவும் வாய்ப்பு உண்டு. ஆசை தீரணும்னா இருங்காட்டுக்கோட்டையும் செட்டிப்பாளையமும் இருக்கு, ரேஸ் டிராக். கடலூர்–பண்ருட்டி ரோடு அதுக்கு இல்ல. அந்த ரோட்டுல அடிபட்டு வர்றவங்களுக்கு நான் தையல் போட்டிருக்கேன்.

தம்பி வெள்ளிக்கிழமை டிரெஸ்ஸிங் மாத்த வந்தான். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஹோஸ் மூணையும் மாத்திட்டானாம். டர்போ பத்தி நான் கேக்கல, அவனும் சொல்லல. செட்டிப்பாளையத்துக்கு எந்த பஸ் ஏறணும்னு மட்டும் கேட்டான்.