வெளியேறியவர் வாக்குமூலமும் வரலாற்றுச் சான்றும்: 1994ஆம் ஆண்டின் இரு நிகழ்வுகளை முன்வைத்து

முன்னுரை

வட ஜொகூரில் குனோங் லேடாங் மலையடிவாரத்தை ஒட்டி அமைந்த தங்காக், துணிக்கடைகளால் பெயர்பெற்ற சிறுநகர். சுற்றிலும் இரப்பர், செம்பனைத் தோட்டங்கள். அத்தோட்டங்களைவிட்டு நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. இவ்வட்டாரத் தமிழாசிரியர் சிலரோடு உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவர்களுள் ஒருவர் தம் முன்னாள் மாணவர் ஒருவரைப் பற்றிக் கூறினார். குரு ஒருவரைச் சுற்றி அமைந்த குழுவில் பல்லாண்டுகள் வாழ்ந்து, பெற்றோர் உறவை அறுத்து, பின்னர் அதிலிருந்து வெளியேறி வீடு திரும்பியவர் அவர். தாம் உற்றதைச் சொல்ல முற்பட்டபோது ஊரார் அவரிடம் இரண்டு வினாக்களையே கேட்டனராம். 'உன்னை அடித்தார்களா?' என்பது ஒன்று, 'நீயாகத்தானே போனாய்?' என்பது மற்றொன்று. அவரை யாரும் அடிக்கவில்லை. அவர் தாமாகவே சென்றவர். ஆதலின் மேற்கொண்டு பேச அவருக்கு இடமில்லாது போயிற்று.

இவ்விரு வினாக்களும் ஒரு சிறுநகருக்கு மட்டும் உரியன அல்ல. அரசுகளும் நீதிமன்றங்களும் நெடுங்காலமாக இவற்றின் வேறு வடிவங்களையே கேட்டு வந்துள்ளன. 1994ஆம் ஆண்டில் மலேசியாவில் அல்-அர்காம் இயக்கம் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டில் தமிழகத்தில் பிரேமானந்தா கைது செய்யப்பட்டார். தம்முள் தொடர்பில்லாத இவ்விரு நிகழ்வுகளையும் ஒப்புநோக்கி, மனத்துக்கு நேர்ந்த தீங்கு பதிவு பெறாமல் போனது எவ்வாறு என்பதையும், வெளியேறியவர் வாக்குமூலத்தை வரலாற்று மாணவர் எங்ஙனம் அணுகவேண்டும் என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

தமிழ் மரபில் வெளியேறியவர் குரல்

ஒரு சமயக் கூட்டத்தில் இருந்து வெளியேறியவர் அதைப் பற்றிப் பேசுவது தமிழுக்குப் புதிதன்று. கி.பி. 7ஆம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் எனப் பெயர்பெற்று, பின் சைவம் திரும்பியவர் என்று பெரியபுராணம் கூறுகிறது. சமணரோடு கழித்த நாள்களை எண்ணி அவர் வருந்தும் இடங்கள் தேவாரத்தில் பல. சமணத்தைக் கட்டுப்பாட்டுக் குழு எனக் கொள்வது நம் கருத்தன்று. ஒரு சான்றைப் படிக்கும் முறையை விளக்கவே இவ்வெடுத்துக்காட்டை ஈண்டுத் தருகிறோம்.

நாவுக்கரசர் கூற்றுகளை இரண்டாகப் பகுத்துக் காணலாம். தம் நெஞ்சின் நாணம், காலம் வீணாயிற்றே என்னும் கழிவிரக்கம் ஆகியவற்றை அவர் கூறுமிடத்து அவரே முதற்சான்று. அதனை மறுக்கப் பிறருக்கு உரிமையில்லை. சமணரின் ஒழுக்கத்தைப் பற்றி அவர் கூறுமிடத்தோ, எதிர்ச்சமயத்தார் ஒருவரின் கூற்று என்னும் கவனத்துடன் வேறு சான்றுகளை நாடவேண்டும். தன்னைப் பற்றிய சான்று, பிறரைப் பற்றிய சான்று என்னும் இப்பகுப்பே இக்கட்டுரைக்கு அளவுகோலாகும். போலித் துறவைக் கடியும் 'கூடாவொழுக்கம்' என்னும் அதிகாரத்தைத் திருவள்ளுவர் துறவறவியலுக்குள்ளேயே வைத்திருப்பதும் நோக்கத்தக்கது. சமயத்தை மதிப்பதும் சமயத்தின் பெயரால் நிகழும் தீங்கை ஆராய்வதும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பது அதனால் பெறப்படும்.

பாத்திமா நகர்: உடல் சொன்ன சான்று

இலங்கை மாத்தளையைச் சேர்ந்த பிரேமானந்தா, 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்தை அடுத்துத் தமிழகம் வந்தவர். திருச்சிராப்பள்ளியை அடுத்த பாத்திமா நகரில் 1989இல் அவர் ஆசிரமம் அமைந்தது. போரினால் பெற்றோரையும் வீட்டையும் இழந்த ஈழத்தமிழ்ச் சிறுவர் சிறுமியர் அங்கு அடைக்கலம் புகுந்திருந்தனர். உணவு, உடை, கல்வி, உறவு ஆகிய அனைத்தும் அவர்களுக்கு ஒரே கையிலிருந்து கிடைத்தன. அக்கை கடவுளின் கை என்றும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. 1994இல் அங்கிருந்து தப்பிய பெண்கள் வெளியில் வந்து கூறியவற்றாலேயே வழக்குப் பிறந்தது.

1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம், பாலியல் வன்கொடுமைக்கும் ஒரு கொலைக்கும் பிரேமானந்தாவைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. அத்தீர்ப்பை வழங்கிய நீதிபதி ஆர். பானுமதி பின்னாளில் இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதியானார். சென்னை உயர் நீதிமன்றம் 2002இலும் உச்ச நீதிமன்றம் 2005இலும் அத்தண்டனையை உறுதிசெய்தன. பிரேமானந்தா 2011இல் காலமானார். ஐதராபாத்தில் உள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தில் நிகழ்த்திய மரபணுச் சோதனை இவ்வழக்கில் முதன்மையான சான்றுகளுள் ஒன்றாயிற்று. அவர் குற்றமற்றவர் என்று நம்பும் அடியார்கள் இன்றும் உளர்.

இங்கு நீதி கிடைத்தது, அதில் ஐயமில்லை. ஆயினும் அந்நீதியின் இயல்பை ஆழ்ந்து நோக்கவேண்டும். குற்றம் உடலில் தடம் பதித்திருந்தது. அத்தடத்தை ஆய்வுக்கூடத்தில் அளக்க இயன்றது. அளக்க இயலாதன வேறு பல இருந்தன. தந்தையாகவும் தெய்வமாகவும் நம்பியவரே தீங்கு செய்தவர் என்று உணர்ந்தபின் ஒரு சிறுமிக்கு எதன்மேல் நம்பிக்கை எஞ்சும்? தன் கண் கண்டதைத் தானே ஐயுறப் பழகிய மனம் மீள எத்தனை ஆண்டு ஆகும்? இத்தகைய கேள்விகளுக்குக் குற்றவியல் சட்டத்தில் தனிப்பிரிவு ஏதுமில்லை. உடலில் தடம் பதியாத தீங்கு மட்டுமே நேர்ந்திருப்பின் இவ்வழக்கே எழுந்திராது எனலாம்.

அல்-அர்காம்: கொள்கை சொன்ன சான்று

அல்-அர்காம் இயக்கம் 1968இல் அஷாரி முகமது என்பவரால் கோலாலம்பூரில் ஒரு சமயக் கல்வி வட்டமாகத் தொடங்கப்பெற்றது. பின்னர்ச் சுங்கை பெஞ்சாலாவில் தனிக்குடியிருப்பு, பள்ளி, மருத்துவ நிலையம், உணவுத் தொழில் என விரிந்தது. 1970களில் கிராமங்களைவிட்டு நகருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பெயர்ந்த மலாய் இளைஞர்களிடையே சமய மறுமலர்ச்சி பரவிய காலச்சூழலில் அது வளர்ந்தது. 1994 ஆகஸ்டில் தேசிய பத்வா மன்றம் அதனை நெறிபிறழ்ந்த இயக்கம் என அறிவித்தது. அம்மாதமே அரசு அதனைத் தடைசெய்தது. அஷாரியும் அணுக்கர் சிலரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்துவைக்கப்பட்டனர்.

தடுப்புக்காவலில் இருந்தபோது அவர்கள் தொலைக்காட்சியில் தோன்றித் தம் சமயக் கருத்துகள் பிழையானவை என ஒப்புக்கொண்டனர். 1994இல் நாடே கண்ட வாக்குமூலம் இதுவேயாகும். வரலாற்று நோக்கில் இதில் இரு குறைகள் உள. முதலாவது, விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டவர் கூறுவதைத் தன்விருப்பக் கூற்றாகக் கொள்ளவியலாது. இரண்டாவது, பேசியோர் இயக்கத்தை நடத்தியவர்கள். அதனுள் வாழ்ந்து உழைத்த பெண்களும் அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அல்லர். 'இவர்கள் நம்பியது சரியா?' என்று அரசு வினவியது. 'இவர்களுக்கு என்ன நேர்ந்தது?' என்னும் வினா அன்று முதன்மை பெறவில்லை.

அவ்வினா எழாதுபோனதன் விளைவு முப்பதாண்டு கழித்துப் புலப்பட்டது. தடைக்குப் பின்னர் இயக்கத்தினர் வணிக நிறுவனங்களாக உருமாறினர். ருபாக்கா எனும் நிறுவனத்துக்குப் பின் குளோபல் இக்வான் தோன்றியது. அஷாரி 2010இல் காலமானார். 2024 செப்டம்பர் 11ஆம் நாள், குளோபல் இக்வானுடன் தொடர்புடையவை எனக் கருதப்பட்ட, சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மாநிலங்களில் இருந்த 20 இல்லங்களிலிருந்து 402 சிறாரைக் காவல்துறை மீட்டது. அச்சிறாருள் சிலர் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாகக் காவல்துறை அறிவித்தது. நிறுவனம் தன்மீதான குற்றச்சாட்டுகளை மறுத்தது. எனினும் ஒன்றிரண்டு ஓரினப் புணர்ச்சி நிகழ்வுகள் இருந்ததை அதன் தலைமை நிர்வாகி ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு அக்டோபரில் அவரும் வேறு சிலரும் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டனர்.

அந்நாள்களில் முன்னாள் உறுப்பினர் சிலர் வெளிப்படையாகப் பேசலாயினர். பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த இளமை, ஊதியமில்லா உழைப்பு, தலைமையின் சொல்லை மீறினால் இறைவனின் சினத்துக்கு ஆளாவோம் என்ற அச்சம் ஆகியவை அவர்கள் பேச்சின் பொருள்கள். கொள்கைப் பிழையைவிட இவற்றையே அவர்கள் முன்வைத்தனர். 1994இல் இவர்களை ஒத்தோர் பேசுவதற்கு மேடை அமைந்திருந்தால் அச்சிறாருட் சிலரேனும் வேறு வாழ்வைப் பெற்றிருக்கக் கூடும்.

'தானாகச் சென்றார்' என்னும் வாதம்

மேற்கண்ட இரு நிகழ்வுகளிலும் உள்ளே சென்றவர்கள் வேர் பெயர்ந்தவர்கள். ஒருசாரார் போரினால் பெயர்ந்தனர். மற்றொரு சாரார் சமூக மாற்றத்தால் பெயர்ந்தனர். தோட்டம் பிளவுண்டு நகர்ப்புறம் சேர்ந்த நம் குடும்பங்களும் இவ்வகையினவே. பழைய கோயிலும் அண்டைவீட்டாரும் தந்த பிடிப்பு தளரும்போது, உறவும் ஒழுங்கும் ஒருங்கே தரும் குழு ஒன்று ஈர்ப்புடையதாகத் தோன்றுவது இயல்பு. ஆகவே, செல்வது பெரும்பாலும் விருப்பத்தின் பாற்பட்டதே. வெளியேறும் உரிமை எஞ்சுகிறதா என்பதே வினா.

அமெரிக்க உளமருத்துவர் ராபர்ட் ஜே லிப்டன் 1950களில் ஹாங்காங்கில், சீனாவின் சிந்தனைச் சீர்திருத்தத்துக்கு உள்ளான 40 பேரைப் பேட்டி கண்டு 1961இல் நூலாக வெளியிட்டார். வெளித்தொடர்பை அடக்குதல், தூய்மை எட்டாதவரைக் குற்றவுணர்வில் நிறுத்துதல், அந்தரங்கத்தை அனைவர் முன்னும் ஒப்புவிக்கச் செய்தல், ஐயத்தைத் தடுக்கும் குழூஉச்சொற்களைப் பயிற்றுதல், வாழ்வனுபவத்தைவிடக் கோட்பாட்டை மேலாக்குதல் முதலிய எட்டுக் கூறுகளை அவர் வகுத்தார். இவற்றுள் ஒன்றிலும் அடி உதை இன்றியமையாததன்று. அடியின்றியே மனத்தைச் சிறைப்படுத்த இயலும் என்பதே அந்நூலின் பயன். மொழியாசிரியரான நாம் குழூஉச்சொல் பற்றிய கூறைச் சிறப்பாகக் கருதவேண்டும். களைப்பை 'அகந்தை' என்றும், தாயின் அழைப்பை 'மாயை' என்றும் மட்டுமே சொல்லப் பழகியவர், தம் துயரைக் கூறுதற்கு உரிய சொல்லையே இழந்து நிற்கிறார். வெளியேறியவர்கள் பல்லாண்டு பேசாதிருத்தற்கு அச்சமும் நாணமும் போலவே இச்சொல்லிழப்பும் காரணமாகலாம்.

மறுதரப்பையும் கூறவேண்டும். இங்கிலாந்துச் சமூகவியலாளர் பிரையன் வில்சன், வெளியேறியவர் தம் கடந்தகாலத்தை நியாயப்படுத்தும் வகையில் கதையை அமைப்பர்; ஆதலின் அதனை எளிதில் ஏற்கலாகாது என வாதிட்டார். வெளியேறியோருள் பலர் கசப்பின்றியே வாழ்கின்றனர் என்று காட்டிய ஆய்வுகளும் உள. இக்கருத்தில் உண்மை உண்டு. ஆனால் இவ்வையம் ஒருபுறத்துக்கு மட்டும் உரியதன்று. உள்ளே இருப்பவர் கூற்றும் தம் நிகழ்காலத்தை நியாயப்படுத்தும் கூற்றேயாகும். இருசாரார் கூற்றையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே ஆய்வு நேர்மை. ஒருவரை ஒருவர் அறியாத பலர், வெவ்வேறு காலத்தில், ஒரே வகையான நிகழ்வுகளைக் கூறுவாராயின், 'பிறரைப் பற்றிய சான்று' என நாம் பகுத்ததும் வலுப்பெறும்.

சட்டத்தின் அசைவு

மனத்தின் தீங்கைச் சட்டம் மெல்லவே கண்டுகொள்ளத் தொடங்கியுள்ளது. பிரான்சு 2001இல் இயற்றிய சட்டத்தில் உளவழி அடிமைப்படுத்தப்பட்டவரின் வலுவின்மையைப் பயன்படுத்திக் கேடு செய்வதைக் குற்றமாக்கியது. 2024இல் அத்தகைய அடிமைப்படுத்தலையே தனிக்குற்றமாக்கியது. ஜப்பானில் 2022இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே கொலையுண்ட பின்னர், கட்டுப்பாடு மிக்க சமயக் குழுக்களின் குடும்பங்களில் பிறந்த இரண்டாம் தலைமுறையினர் வெளிப்படையாகப் பேசினர். சமயத்தைக் காரணங்காட்டிக் குழந்தைகளை அச்சுறுத்துவதும் கொடுமையே என்னும் வழிகாட்டியை அந்நாட்டு அரசு அவ்வாண்டு இறுதியில் வெளியிட்டது.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் அடிப்படை உண்டு. மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் 'உணர்வுநிலைக் காயம்' என்பதனை ஏற்று, பதற்றம், மனச்சோர்வு, ஒதுங்கியிருத்தல், முரட்டுத்தனம், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றை அதன் அடையாளங்களாகச் சுட்டுகிறது. குழந்தையின் மனத்துக்குச் சட்டம் செவிகொடுக்கிறது. பதினெட்டு நிறைந்தவுடன் அம்மனம் 'தானாகச் சென்றது' ஆகிவிடுகிறது. வளர்ந்தோர்க்கும் சட்டம் வகுக்கப் புகுந்தால் சமயச் சுதந்திரத்தில் அரசு தலையிடும் இடர் உண்டு. 1994இன் தடுப்புக்காவல் அவ்விடருக்குச் சான்று. நம்பிக்கையை அளவாமல் தீங்கை மட்டும் அளக்கும் வழியைக் காண்பதே எஞ்சியுள்ள பணி.

முடிவுரை

1994ஆம் ஆண்டின் இரு நிகழ்வுகளில், தமிழக நீதிமன்றத்தின் முன் உடல் சான்று பகர்ந்தது; மலேசிய அரசின்முன் கொள்கை சான்று பகர்ந்தது. மனம் சொல்ல வந்ததைக் கேட்க இரண்டிடத்தும் ஆசனம் இடப்படவில்லை. வெளியேறியவர் வாக்குமூலம் அவ்வெற்றிடத்தை நிரப்பும் மூல ஆவணமாகும். அவர் பிறரைப் பற்றிக் கூறுவதை ஒப்பிட்டு ஆராயவேண்டும்; தம்மைப் பற்றிக் கூறுவதை முதலில் கேட்கவேண்டும்.

தங்காக் ஆசிரியரின் முன்னாள் மாணவர், பின்னர்த் தம் ஆசிரியரைத் தேடிவந்தே பேசினார். கட்டுரை எழுதக் கற்றுத்தந்தவரிடமே சொல் கிடைக்கும் என அவர் எண்ணினார் போலும். ஆசிரியர் இரண்டு வினாக்களையும் கேட்கவில்லை. 'என்ன நடந்தது, சொல்' என்று மட்டும் கேட்டு, ஒரு பிற்பகல் முழுதும் அமர்ந்திருந்தாராம். ஆய்வாளரும் ஆசிரியரும் தொடங்கவேண்டிய இடம் அதுவே எனக் கருதுகிறோம்.