ஜெய்சங்கரின் உளவுப் படங்கள்

ஜெய்சங்கரின் உளவுப் படங்கள் என்பவை, 1960களின் நடுவிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை, நடிகர் ஜெய்சங்கர் (1938–2000) துப்பறியும் அதிகாரியாக நடித்து வெளிவந்த தமிழ்த் திரைப்படங்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) ஆகிய இரண்டும் இவற்றுள் முதன்மையானவை. இந்தப் படங்களால்தான் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஒரே கதை தொடர்ந்து வரும் வரிசை அல்ல இது. ஒரே நாயகன், ஒரே ஸ்டுடியோ, ஒரே இயக்குநர், ஒரே இசையமைப்பாளர் என்ற கூட்டணியால் ரசிகர்கள் இவற்றை ஒரு வரிசையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

முன்னோடிகள்

உளவுக் கதை தமிழ்த் திரைக்கு ஜேம்ஸ்பாண்டோடு வந்ததல்ல. முதல் பாண்ட் படமான ‘டாக்டர் நோ’ 1962இல் வெளியாவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். நிறுவனம் ‘அந்த நாள்’ (1954) படத்தைத் தந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானுக்குத் துணைபோகும் வானொலிப் பொறியாளராகச் சிவாஜி கணேசனும், அந்தப் பொறியாளரின் கொலை வழக்கைத் துலக்கும் சி.ஐ.டி. அதிகாரியாக ஜாவர் சீதாராமனும் அதில் நடித்தனர். படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. அச்சில் எழுத்தாளர் தமிழ்வாணன் படைத்த துப்பறிவாளர் சங்கர்லால் நாடு நாடாகச் சென்று துப்பறிந்து கொண்டிருந்தார். உளவுப் படத்தை ரசிக்கத் தெரிந்த வாசகர் கூட்டம் இப்படி ஏற்கெனவே உருவாகியிருந்தது.

மாடர்ன் தியேட்டர்ஸும் பிரெஞ்சு மூலமும்

டி.ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த நிறுவனம். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அங்கிருந்து வந்ததுதான். 1963இல் அவர் மறைந்த பிறகு பொறுப்பேற்ற மகன் ஆர். சுந்தரம், உளவு, சண்டை, மர்மம் என்று நிறுவனத்தின் போக்கை மாற்றினார். ‘இரவும் பகலும்’ (1965) படத்தில் அறிமுகமாகியிருந்த ஜெய்சங்கர் அந்தப் போக்குக்குப் பொருத்தமான நாயகனாக அமைந்தார்.

இந்தப் படங்கள் பாண்ட் படங்களின் நகல் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பிழை. இவற்றின் மூலம் பிரான்சிலிருந்து வந்தது. ழான் புரூஸ் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1949இல் படைத்த உளவாளி ‘ஓ.எஸ்.எஸ். 117’. இயான் ஃபிளெமிங்கின் முதல் பாண்ட் நாவல் வெளியானதே 1953இல்தான். ஆந்திரே உனபெல் இயக்கிய ஓ.எஸ்.எஸ். 117 படங்களுள், பாங்காக்கில் நடக்கும் 1964ஆம் ஆண்டுப் படத்தைத் தழுவியது ‘வல்லவன் ஒருவன்’. பிரேசிலில் நடக்கும் 1965ஆம் ஆண்டுப் படத்தைத் தழுவியது ‘சி.ஐ.டி. சங்கர்’.

பாங்காக் கதை அதே 1966இல் தெலுங்கிலும் புகுந்தது. கிருஷ்ணா நடித்த ‘கூடசாரி 116’ அதிலிருந்து உருவானது. அந்தத் தெலுங்குப் படமே அடுத்த ஆண்டு ஜிதேந்திரா நடிப்பில் ‘ஃபர்ஸ்’ என்று இந்திக்குப் போனது.

படங்களின் இயல்பு

‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ இரண்டையும் இயக்கியவர் ஆர். சுந்தரமே. இரண்டுக்கும் இசை வேதா. இந்தி மெட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவருவதில் பெயர்பெற்ற வேதா, ‘வல்லவன் ஒருவன்’ படத்தில் கண்ணதாசனின் வரிகளுக்கு அமைத்த பாடல்கள் இன்றும் மேடைக் கச்சேரிகளில் பாடப்படுகின்றன. எல்.ஆர். ஈஸ்வரியின் குரலில் வரும் விடுதி நடனப் பாடல் அவற்றுள் தனித்து நிற்கிறது. ‘சி.ஐ.டி. சங்கர்’ படத்தின் நாயகி ஏ. சகுந்தலா, 2024இல் மறையும் வரை ‘சி.ஐ.டி. சகுந்தலா’ என்றே அறியப்பட்டார்.

தழுவலில் நேர்ந்த மாற்றங்கள் கவனத்துக்குரியவை. பிரெஞ்சு நாயகன் அமெரிக்க உளவுத் துறையின் ஆள். தமிழில் அவன் சி.ஐ.டி. அதிகாரி, அதாவது போலீஸ்காரன். வெளிநாட்டு உளவுக்கென்று இந்தியாவில் ‘ரா’ அமைப்பு 1968இல்தான் தோன்றியது. ஆகவே அன்றைய ரசிகருக்குத் தெரிந்த காவல் துறையையே கதாசிரியர்கள் கைக்கொண்டனர். காதல் பாட்டு, நகைச்சுவை, குடும்பப் பாசம் ஆகியவையும் கதைக்குள் இடம்பெற்றன. குறைந்த செலவில், சில வாரங்களில் எடுத்து முடிக்கும் ஸ்டுடியோ ஒழுங்கில் இவ்வளவையும் சேர்த்துக் கதையைத் தொய்வில்லாமல் நகர்த்தியதே அந்தக் கலைஞர்களின் திறமை.

பரவலும் தாக்கமும்

இந்த அலையில் பெரிய நட்சத்திரங்களும் இணைந்தனர். பி.ஆர். பந்துலு இயக்கத்தில் எம்.ஜி.ஆர். ‘ரகசிய போலீஸ் 115’ (1968) படத்திலும், டி.ஆர். ராமண்ணா இயக்கத்தில் சிவாஜி ‘தங்கச் சுரங்கம்’ (1969) படத்திலும் துப்பறிந்தனர். ஜெய்சங்கர் ‘நில் கவனி காதலி’ (1969), ‘துணிவே துணை’ (1976) முதலிய படங்களில் மர்மக் கதைகளைத் தொடர்ந்தார். அடிக்கடி புதுப்படம் தந்ததால் ‘வெள்ளிக்கிழமை நாயகன்’ என்றும் அழைக்கப்பட்ட அவர், ‘முரட்டுக்காளை’ (1980) முதல் வில்லன் வேடங்களுக்கும் மாறினார்.

1986இல் சுஜாதாவின் கதையில், கமல்ஹாசன் நடிப்பில் ராஜசேகர் இயக்கிய ‘விக்ரம்’, கணினியையும் ஏவுகணையையும் உளவுக் கதைக்குள் கொண்டுவந்தது. அதே கமல்ஹாசனை, அதே பெயருடைய உளவாளியாக, லோகேஷ் கனகராஜ் 2022இல் மீட்டுக்கொண்டு வந்தார். 36 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஒரு தமிழ் உளவாளி திரும்பி வந்ததால், 1986 படத்தை இளைய ரசிகர்கள் தேடிப் பார்த்தனர். பிரான்சிலும் ஓ.எஸ்.எஸ். 117 பாத்திரம் 2006இல் மிஷெல் அசனவிசியுஸ் இயக்கத்தில் பகடிப் படமாகப் புத்துயிர் பெற்றது.

மறுபார்வையும் பாதுகாப்பும்

மாடர்ன் தியேட்டர்ஸ் இன்று இயங்கவில்லை. சேலம்–ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டும் எஞ்சியிருக்கிறது. 

பழைய படங்களை மீண்டும் பார்க்கும்போது ஆணாதிக்கப் பார்வையும் விடுதி நடனப் பெண்களைக் காட்டும் விதமும் உறுத்துகின்றன. அவற்றை மறைக்கத் தேவையில்லை. மெட்டையும் கதையையும் கடன் வாங்கியதையும் வெளிப்படையாகச் சொல்லலாம். அதற்குப் பிறகும் மிஞ்சுவது கணிசமானது: பிரெஞ்சு, தமிழ், தெலுங்கு, இந்தி என்று ஒரே கதை எப்படி மொழிக்கு மொழி உருமாறியது என்பதற்கு இந்தப் படங்களே நேரடிச் சான்று.

‘கர்ணன்’ 2012இலும் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014இலும் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளில் வெற்றிகரமாக ஓடின. புராணப் படத்துக்கும் சரித்திரப் படத்துக்கும் கிடைத்த அந்த அக்கறை, வெகுமக்கள் விரும்பிப் பார்த்த துப்பறியும் படங்களுக்கும் கிடைக்க வேண்டும். தெளிவான பிரதி கையில் இருந்தால்தான் ஒளிப்பதிவையும் அரங்க அமைப்பையும் சண்டைக் காட்சியின் வெட்டையும் ஒழுங்காக மதிப்பிட முடியும். தமிழ்த் திரை வரலாற்றில் இந்தப் படங்களுக்கு உரிய இடத்தைத் தருவதற்கு அதுவே முதல் வேலை.