சிஸ்டம் ரெஸ்டோர்

சிஸ்டம் ரெஸ்டோர் அல்லது கணினி மீட்டெடுப்பு என்பது மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் இயங்குதளத்தில் உள்ள ஒரு வசதியாகும். அமைப்புக் கோப்புகள், ரெஜிஸ்ட்ரி, சாதனங்களுக்கான டிரைவர்கள், நிறுவப்பட்ட மென்பொருட்கள் ஆகியவற்றின் நிலையைப் பதிந்து வைத்து, பின்னர் பழுது ஏற்படின் கணினியை அந்நிலைக்குத் திருப்ப இது உதவுகிறது. அவ்வாறு பதியப்பட்ட நிலை மீட்டெடுப்புப் புள்ளி எனப்படும்.

வரலாறு

இவ்வசதி 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் மீ பதிப்பில் அறிமுகமானது. 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியிலும் இடம்பெற்றது. இவ்விரு பதிப்புகளிலும் குறிப்பிட்ட வகைக் கோப்புகள் மாறும்போது அவற்றின் பழைய நகல்கள் சேமிக்கப்பட்டன. விஸ்டா முதல் வன்தட்டுப் பகுதியின் மாற்றங்களைத் தொகுதியளவில் பதியும் நிழற்படி முறை பயன்படுத்தப்படுகிறது.

புள்ளிகள் உருவாதல்

புதிய டிரைவர் அல்லது விண்டோஸ் இற்றைப்படுத்தல் நிறுவப்படும் முன்னர் பெரும்பாலும் ஒரு புள்ளி தானாகவே உருவாகும். பயனரும் தாமே பெயரிட்டு ஒன்றை உருவாக்கலாம். விண்டோஸ் 10, 11 பதிப்புகள் கொண்ட பல கணினிகளில் இப்பாதுகாப்பு தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். அவற்றில் பயனர் இதனை இயக்கினாலன்றிப் புள்ளிகள் உருவாகா.

மேலாண்மை

புள்ளிகளுக்கான வன்தட்டு இடத்தைப் பயனர் வரையறுக்கலாம். இடம் நிரம்பும்போது மிகப் பழைய புள்ளி முதலில் நீங்கும். 'டிஸ்க் கிளீனப்' கருவி மூலம் கடைசிப் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை அழிக்கலாம். பாதுகாப்பை அணைத்தால் அந்த வன்தட்டுப் பகுதியின் எல்லாப் புள்ளிகளும் அழிந்துவிடும். ஒரே கணினியில் எக்ஸ்பியும் விஸ்டாவும் நிறுவப்பட்டிருந்தால், எக்ஸ்பியைத் தொடங்கும்போது விஸ்டாவின் புள்ளிகள் அழிவது அறியப்பட்ட சிக்கலாகும்.

மீட்டெடுத்தல்

தேர்ந்தெடுத்த புள்ளிக்குப் பின் நிறுவப்பட்ட மென்பொருட்களும் டிரைவர்களும் மீட்டெடுப்பின்போது நீங்கும். அதன்பின் நீக்கப்பட்டவை திரும்ப வரக்கூடும். வழக்கமான முறையில் செய்த மீட்டெடுப்பைப் பயனர் திரும்பப் பெறலாம். ஆனால் 'சேஃப் மோட்' நிலையில் செய்ததைத் திரும்பப் பெற இயலாது. விஸ்டா முதல், விண்டோஸ் தொடங்காத கணினியிலும் மீட்புச் சூழல் வழியாக இதனைச் செய்யலாம்.

வரம்புகள்

மீட்டெடுப்புப் புள்ளி காப்புநகலுக்கு மாற்றாகாது. கடிதங்கள், ஒளிப்படங்கள் போன்ற தனிப்பட்ட கோப்புகளை இது மாற்றுவதில்லை; ஆகவே தவறுதலாக அழித்த ஆய்வேட்டை இதனால் மீட்கவும் முடியாது. புள்ளிகள் பொதுவாகக் கணினியின் அதே வன்தட்டில் இருப்பதால், அது பழுதானால் அவையும் அழியும். பழைய புள்ளிகளில் நச்சுநிரல் தங்கியிருக்கவும் கூடும். 2017 இல் பரவிய வானாகிரை உள்ளிட்ட பிணைப்பண நச்சுநிரல்கள், பயனர் மீள வழியின்றி இருக்க நிழற்படிகளை அழித்தன. எனவே முக்கியமான கோப்புகளின் நகலை, கணினியுடன் எப்போதும் இணைந்திராத வேறொரு வட்டில் வைத்திருப்பது தேவையாகும்.