'அமெரிக்கா' என்னும் பாய்க்கலம்: அழிவும் படியெடுப்பும்

'அமெரிக்கக் கோப்பை' என்னும் பாய்க்கலப் பந்தயத்தின் பெயரைக் கேட்போர், அது ஒரு நாட்டின் பெயரால் வழங்குவது என்றே பெரும்பாலும் கருதுவர். உண்மை வேறு. 1851ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் கட்டப்பெற்ற ஒரு கலத்தின் பெயர் 'அமெரிக்கா'. அக்கலம் வென்று வந்தமையால் அதன் பெயர் கோப்பைக்கு ஆயிற்று. கோப்பை இன்றும் இருக்கிறது. அதற்குப் பெயர் தந்த கலமோ 1945இல் எரியூட்டப்பட்டது. பின்னர் இருமுறை அதன் வடிவில் புதுக்கலங்கள் கட்டப்பட்டன. மறைந்த ஒன்றை மீண்டும் ஆக்குதல் என்பது எவ்வளவு தூரம் இயலும், அவ்வாறு ஆக்கியதை எப்பெயரால் அழைப்பது என்னும் வினாக்கள், ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பாடலைப் பெயர்த்துவந்த மரபினராகிய நமக்கும் உரியவை. ஆதலின் அக்கலத்தின் வரலாற்றை இம்மலரில் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

கட்டிய கைகள்

1851இல் இலண்டனில் உலகப் பெருங்கண்காட்சி நடைபெற்றது. அதனையொட்டி நியூயார்க் துறைமுகத்தின் விரைவான வழிகாட்டிக் கலங்களுள் ஒன்றை இங்கிலாந்துக்கு அனுப்பலாமே என்று ஒரு வணிகர் மடல் எழுதினார். 1844இல் தோன்றிய நியூயார்க் பாய்க்கலக் கழகத்தின் தலைவர் ஜான் காக்ஸ் ஸ்டீவன்ஸும் அவரோடு சேர்ந்த ஐவரும் பணம் திரட்டினர். கட்டும் பொறுப்பை வில்லியம் பிரவுன் ஏற்றார். வடிவமைத்தவர் ஜார்ஜ் ஸ்டீயர்ஸ் என்னும் முப்பது வயதை ஒட்டிய இளைஞர்.

ஒப்பந்தம் விந்தையானது. விலை 30,000 டாலர். ஆனால் கலம் போட்டியில் தோற்றால் கட்டியவரே அதனைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பணி காலந்தாழ்ந்தது. வெள்ளோட்டத்தில் ஸ்டீவன்ஸின் சொந்தக் கலமாகிய 'மரியா'விடமே புதிய கலம் பின்தங்கியது. இறுதியில் விலை 20,000 டாலராகக் குறைந்தது.

இரண்டு பாய்மரங்கள் உடைய 'ஸ்கூனர்' வகைக் கலம் அது. நீளம் ஏறத்தாழ 101 அடி, அகலம் 23 அடி, நீரில் அமிழும் ஆழம் 11 அடி. அக்காலத்து ஆங்கிலக் கலங்கள் முன்புறம் பருத்துப் பின்புறம் மெலிந்தவை. காட் மீனின் தலையும் கானாங்கெளுத்தியின் வாலும் என்று கலம் கட்டுவோர் அவ்வடிவைச் சொல்வதுண்டு. ஸ்டீயர்ஸ் இதனை மாற்றினார். அவர் கலத்தின் அணியம் கத்தி முனைபோல் கூர்ந்து நீரைப் பிளந்தது. அகலம் நடுப்பகுதிக்குப் பின்னால் சென்று அமைந்தது. மரங்கள் இரண்டும் பின்புறமாகச் சாய்ந்து நின்றன. ஆங்கிலேயர் சணல்வகை நாரில் நெய்த பாய்களைத் தொய்வாகக் கட்டினர். காற்றுப் புகாதிருக்க அவற்றின்மேல் நீர் தெளித்தனர். 'அமெரிக்கா'வின் பாய்களோ நெருக்கமாக நெய்த பருத்தித் துணியால் ஆனவை. பலகைபோல் தட்டையாக விரிந்து நின்றவை.

ஒரு நாள் பந்தயம்

1851 ஆகஸ்டு 22ஆம் நாள். இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவைச் சுற்றி 53 மைல் தொலைவு. பதினைந்து கலங்கள் புறப்பட்டன. அவற்றுள் 'அமெரிக்கா' ஒன்றே வெளிநாட்டது. நங்கூரம் எடுப்பதில் தாமதமாகிக் கடைசியாகக் கிளம்பிய அது, காலை பத்து மணிக்குத் தொடங்கிய ஓட்டத்தை இரவு எட்டரை மணி கடந்த வேளையில் முதலாவதாக முடித்தது. மறுநாள் விக்டோரியா அரசியாரும் கணவர் ஆல்பர்ட்டும் கலத்தில் ஏறிப் பார்வையிட்டனர்.

இரண்டாவதாக வருவது எது என்று அரசியார் வினவியதாகவும், இரண்டாவது என ஒன்று இல்லை என்று விடை கிடைத்ததாகவும் ஒரு கதை உண்டு. கேட்க இனிய கதை. ஆனால் நடந்ததை அது மறைக்கிறது. 47 டன் அளவே உடைய 'அரோரா' என்னும் சிறு கலம் சில நிமிடங்களில் பின்னாலேயே வந்து சேர்ந்தது. 'அமெரிக்கா' 170 டன். கலத்தின் அளவுக்கு ஏற்பக் காலச்சலுகை தரும் முறை அன்று பின்பற்றப்பட்டிருந்தால் முடிவு மிக நெருக்கமாக இருந்திருக்கும். மேலும் 'அமெரிக்கா', வழக்கமாகச் சுற்றிச்செல்லும் நாப் விளக்குக் கப்பலைச் சுற்றாமல் உட்புறமாகவே சென்றது. பந்தய விதி அதனைக் கட்டாயமாக்காமையால் வெற்றி செல்லுபடியாயிற்று. இவற்றையெல்லாம் சொல்வதால் ஸ்டீயர்ஸின் கலை குறைந்துவிடாது. புகழுரையை வரலாற்றினின்று பிரித்தறிந்தால்தான், பின்னால் வந்தோர் எதனைப் படியெடுக்க முனைந்தனர் என்பது விளங்கும்.

கைமாறிய கலம்

வென்றவர்கள் கலத்தோடு திரும்பவில்லை. சில நாட்களிலேயே அதனை 5,000 பவுனுக்கு ஜான் டி பிளாக்கியர் பிரபுவிடம் விற்றுவிட்டு, வெள்ளிக் கோப்பையோடு ஊர் திரும்பினர். கோப்பையை உருக்கி ஆளுக்கொரு பதக்கம் செய்துகொள்ளலாம் என்றும் ஒரு கட்டத்தில் அவர்கள் எண்ணியதாகச் சொல்வர். நல்வாய்ப்பாக, 1857இல் அதனை நியூயார்க் கழகத்திற்கு ஒரு சாசனத்தோடு வழங்கினர். எந்நாட்டாரும் போட்டியிட்டு அதனைப் பெறலாம் என்பது சாசனத்தின் சாரம்.

கலத்தின் கதை வேறாயிற்று. அடுத்து வந்த உடைமையாளர் அதற்குக் 'கமில்லா' எனப் பெயர் மாற்றினார். கவனிப்பாரின்றி அது சேற்றில் கிடந்தது. 1858-59இல் தேம்ஸ் ஆற்றங்கரை நார்த்ஃபிளீட்டில் பிட்சர் என்னும் கலம் கட்டுநர் அதனை வாங்கி, உளுத்த மரங்களை அகற்றிப் புதுமரம் இட்டுச் சீரமைத்தார். 1861இல் அது கடல் கடந்து சென்று, உள்நாட்டுப் போரில் தென்மாநிலத்தார் கையில் சிக்கியது. 1862இல் வடமாநிலப் படை நெருங்கவே, புளோரிடாவில் ஓர் ஓடையில் அதனை அவர்களே மூழ்கடித்தனர். வடவர் அதனை மேலே தூக்கிப் பழைய பெயரைத் திரும்பச் சூட்டிக் கடற்காவலுக்குப் பயன்படுத்தினர். பின்னர் அது அனாபொலிசில் கடற்படைக் கல்விக்கழகத்தின் பயிற்சிக்கலம் ஆயிற்று. 1870இல் கோப்பையைக் காக்கும் முதற்போட்டியில் தானும் ஓடி நான்காவதாக வந்தது. 1873இல் பெஞ்சமின் பட்லர் என்னும் படைத்தலைவர் 5,000 டாலருக்கு வாங்கி நெடுங்காலம் ஓட்டினார்.

கூரை சரிந்தது

1921இல் கலம் பெயரளவுக்கு ஒரு டாலர் விலையில் மீண்டும் கடற்படைக் கல்விக்கழகத்தை அடைந்தது. ஒரு தேசத்தின் பெருமைச் சின்னம் என்று எல்லோரும் ஒப்பினர். ஆனால் ஆண்டுதோறும் பலகை மாற்றவும் பழுது பார்க்கவும் பொருள் ஒதுக்குவார் இல்லை. துறையில் கட்டிக்கிடந்தே அது உளுத்தது. பின்னர்க் கரையேற்றிச் சீரமைப்புக்கென ஒரு கொட்டகை அமைத்தனர். 1942 மார்ச்சு 29ஆம் நாள் பெரும்பனி பெய்து அக்கொட்டகையின் கூரை சரிந்து கலத்தின்மேல் விழுந்தது. போர்க்காலம் ஆகையால் சீரமைக்க எவரும் முன்வரவில்லை. 1945இல் அதன் எச்சங்கள் பிரித்து எரிக்கப்பட்டன.

அதே ஆண்டுகளில் கோப்பை நியூயார்க் கழகத்தில் பாதுகாப்பாக இருந்தது. 1851 முதல் 132 ஆண்டுகள் அது அந்நாட்டை விட்டு நீங்கவில்லை. 1983இல்தான் 'ஆஸ்திரேலியா 2' அதனை வென்றது. பின்னர் நியூசிலாந்து வென்றபோது, 1997இல் ஆக்லாந்து நகரில் ஒருவர் அதனைச் சம்மட்டியால் அடித்து நசுக்கினார். கோப்பையைச் செய்த கேரார்டு நிறுவனத்தாரே இலண்டனில் அதனைச் செப்பனிட்டு அனுப்பினர். பரிசுக்கு அடிபட்டால் உலகம் பதறி அதனைச் செப்பனிடுகிறது. பரிசை ஈட்டிய கலமோ இருபது ஆண்டுக்கு மேலாகக் கண்ணெதிரே உளுத்துப்போயிற்று. இவ்வரலாற்றில் என் நெஞ்சை உறுத்துவது இதுவே.

கோடுகள் காத்தன

ஆயினும் கலம் அடியோடு மறையவில்லை. 1851இல் பந்தயம் முடிந்தபின் போர்ட்ஸ்மவுத் கப்பற்பட்டறையில் உலர்துறைக்கு ஏற்றியபோது, ஆங்கிலக் கடற்படையினர் அதன் வடிவத்தை அளந்து வரைகோடுகளாகப் பதிந்து வைத்தனர். தோற்றவர் வென்றவரிடம் கற்க எடுத்த பதிவு அது.

வரைகோடு என்பதை விளக்க வேண்டும். அக்காலத்துக் கலைஞர் முதலில் மரத்தில் ஒரு சிறு பாதி உருவைச் செதுக்குவர். கலத்தின் இருபுறமும் ஒத்திருப்பதால் பாதியே போதும். அவ்வுருவைக் குறுக்கும் நெடுக்கும் அறுத்தாற்போல் அளந்தால் கிடைக்கும் வளைவுகளே வரைகோடுகள். அவற்றைப் பெரியதொரு தளத்தில் முழு அளவில் வரைந்து, அவ்வளைவுக்கு ஏற்ப மரத்தை அறுத்து விலா எலும்புகள்போல் அடிமரத்தின்மேல் நிறுத்துவர். அதன்மேல் நீராவியில் பதப்படுத்தி வளைத்த பலகைகளைப் பொருத்தி, இடைவெளிகளில் நார் அடைத்துக் கலப்பற்று இடுவர். ஆகவே வரைகோடு தெரிந்தால் வடிவம் தெரியும். வடிவம் தெரிந்தால், கைத்திறன் உள்ளவர்கள் கலத்தை மீண்டும் ஆக்கலாம்.

அவ்வாறே ஆயிற்று. மதுவடிப்பாலை உரிமையாளரும் பாய்க்கல ஆர்வலருமான ருடால்ஃப் ஷேஃபர் பொருள் தர, ஸ்பார்க்மன் அண்டு ஸ்டீவன்ஸ் வரைபடம் ஆக்க, மெயின் மாநிலத்தின் கௌடி அண்டு ஸ்டீவன்ஸ் பட்டறையார் கலத்தைக் கட்டினர். 1967 மே 3ஆம் நாள் அது நீரில் இறங்கியது. மூலக்கலம் 1851இல் நீரில் இறங்கியதும் அதே மே 3ஆம் நாளில்தான். அவ்வாண்டின் கோப்பைப் பந்தயத்தின்போது மக்கள் அதனைக் கண்டனர். இரண்டாவது படி, ஹட்சன் ஆற்றின்மேல் உள்ள ஆல்பனியில் ஸ்கரானோ பட்டறையில் ஆகி 1995இல் வெளிவந்தது. பின்னாளில் சான் டியாகோவில் கட்டணம் செலுத்திய பயணிகளை ஏற்றிக் கடலில் உலவியது.

மூலமும் படியும்

இவை 'அமெரிக்கா'தாமா? 1967இன் கலத்தில் டீசல் இயந்திரம் இருந்தது. 1851இன் மாலுமி கனவிலும் காணாத வசதிகள் உள்ளே அமைந்தன. 1995இன் கலம் பயணிகளுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு இணங்க வேண்டியிருந்தது. ஆகவே இவை மூலம் அல்ல என்று ஒருவர் கூறலாம். அப்படியானால் 1870இல் ஓடிய கலம் மூலமா? நார்த்ஃபிளீட்டிலேயே அதன் மரங்கள் மாற்றப்பட்டுவிட்டனவே. மரமே கலம் என்றால் 'அமெரிக்கா' 1859க்கு முன்பே பாதி மறைந்தது. வடிவே கலம் என்றால் அது 1945இலும் முழுதாக மறையவில்லை.

நம் மரபில் இவ்வினா பழையது. ஓலை சில நூறாண்டுகளில் சிதையும். ஆகவே முன்னோர் புது ஓலையில் படியெடுத்துக்கொண்டு, பழைய ஏட்டை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டனர். படியெடுத்தவன் விட்டபோது நூல் வாழ்ந்தது. படியெடுக்காமலே விட்டபோது நூல் மாண்டது. உ.வே.சா. போன்றோர் ஊரூராக அலைந்தது இவ்விரண்டாவது வழக்கம் விளைத்த இழப்பைத் தடுக்கவே. நல்ல பதிப்பாசிரியர் பாடபேதத்தை மறைப்பதில்லை. அடியில் குறித்துக் காட்டுவார். புதுக்கலத்தின் இயந்திரமும் ஒரு பாடபேதமே. அதனை வெளிப்படையாகச் சொல்லும் வரை படி நேர்மையானது. சொல்லாது மறைத்து மூலமென விற்றால் போலியாகிவிடும்.

படியெடுத்தலில் மற்றொரு பயனும் உண்டு. ஏட்டை எழுதி எழுதியே மாணாக்கன் யாப்பைக் கற்றான். அதுபோல ஒரு பழங்கலத்தை மீண்டும் கட்டும்போது பலகை வளைக்கவும் கலப்பற்று இடவும் பாய் தைக்கவும் ஒரு புதிய தலைமுறை கற்கிறது. வரைகோட்டில் எழுத இயலாத அறிவு அது; கையிலிருந்து கைக்கே செல்வது. ஜார்ஜ் ஸ்டீயர்ஸ் 1856இல் வண்டி விபத்தில், நாற்பது வயதை எட்டுமுன் மறைந்தார். அவர் கையால் தொட்ட மரம் எதுவும் புதுக்கலங்களில் இல்லை. ஆனால் அவர் கண்டறிந்த வளைவு, அவரை அறியாத தச்சர்களின் கைகளால் மீண்டும் நீரைப் பிளந்தது.

நம் வட்டம் பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில், பெற்ற பரிசுகளும் பட்டயங்களும் நினைவுக்கு வருதல் இயல்பு. அவற்றைப் போற்றுவோம். கூடவே, அப்பரிசுகளை ஈட்டித்தந்த கவிதைகளின் கையெழுத்துப் படிகளும், சிறுநூல்களும், அரங்கில் வாசித்தபின் மடித்து வைத்த தாள்களும் எங்கே இருக்கின்றன என்றும் பார்ப்போம். கூரை சரிந்தபின் வருந்துவதில் பயனில்லை. ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ளதைப் படியெடுத்து, பேதம் இருந்தால் குறித்து, இரண்டு இடங்களில் வைப்போமாக.